கடல் இல்லாவிட்டால் என்ன... காவிரி இருக்கிறதே! பூலாம்பட்டி முதல் பண்ணவாடி வரை ஒரு நாள் படகுப் பயணம்

சேலத்திலும் நாமக்கல்லிலும் எல்லாம் உண்டு, கடலைத் தவிர. படகில் போக வேண்டும், தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் எனப் பிள்ளைகள் கேட்டால், ராமேஸ்வரம் பக்கம்தான் கூட்டிப்போக வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிலும் பவளப்பாறைகள் இருக்கின்றன. முகத்தில் கண்ணாடி, வாயில் குழாயோடு மிதந்துகொண்டே கடலடியைப் பார்ப்பதைத்தான் 'ஸ்நார்க்கலிங்' என்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போக லீவும் பட்ஜெட்டும் இடம் கொடுக்காதா? கவலை வேண்டாம், பக்கத்திலேயே காவிரி இருக்கிறது. அதன் தண்ணீருக்கு அடியிலும் பார்க்க ஒன்று உண்டு. பழைய ஊர்!

காலை: பூலாம்பட்டி

சேலம் மாவட்டம் எடப்பாடிக்குப் பக்கத்தில், காவிரிக் கரையில் இருக்கிறது பூலாம்பட்டி. நாமக்கல்லில் இருந்து வருபவர்கள் திருச்செங்கோடு, சங்ககிரி, எடப்பாடி வழியாக வரலாம். அகன்ற ஆறு, தென்னை மரங்கள், எதிரே மலை என இருப்பதால் 'குட்டி கேரளா' என்றே இதற்குப் பெயர்.

ஆறு இங்கே ஏரி போல நிற்கக் காரணம், மின்சாரம் எடுப்பதற்காகக் கட்டிய கதவணை. மேட்டூருக்குக் கீழே ஆற்றில் இப்படி வரிசையாகக் கதவணைகள் இருக்கின்றன. இங்குள்ள மின் நிலையத்தின் திறன் 30 மெகாவாட்.

இக்கரை சேலம் மாவட்டம், அக்கரையில் இருக்கும் நெரிஞ்சிப்பேட்டை ஈரோடு மாவட்டம். இடையில் விசைப்படகு ஓடுகிறது. நமக்கு அது ஜாலி ரைடு, ஊர்க்காரர்களுக்கு அதுதான் பஸ். வேலைக்குப் போகிறவர்கள், மாணவர்கள், சந்தைக்குப் போகிறவர்கள், சில சமயம் அவர்களின் டூவீலர்கள் என எல்லாமே அதில்தான் அக்கரை சேரும். அவசரமாகப் போகிறவர்களுக்கு முதலில் இடம் விட்டு, அடுத்த படகில் ஏறிக்கொள்ளலாம். கரைக்குத் திரும்பியதும் சூடான மீன் வறுவலைத் தவறவிட வேண்டாம்.

மதியம்: மேட்டூர்

அங்கிருந்து மேட்டூர். 1925-ல் தொடங்கிய அணை வேலை 1934-ல் முடிந்தது. அப்போதைய சென்னை மாகாண கவர்னர் ஸ்டான்லியின் பெயரால் நீர்த்தேக்கத்துக்கு 'ஸ்டான்லி' என்று பெயர். 120 அடி வரை தேக்கினால் 93.47 டிஎம்சி தண்ணீர் நிற்கும். வெள்ளக் காலத்தில் உபரி நீர் பாயும் 16 கண் மதகு, அணைக்கட்டு முனியப்பன் கோயில், அணைப் பூங்கா ஆகியவற்றைப் பார்க்கவே மதியம் சரியாக இருக்கும்.

மாலை: பண்ணவாடி

மேட்டூரை அடுத்த கொளத்தூர் பக்கம், நீர்த்தேக்கத்தின் கரையில் இருக்கிறது பண்ணவாடி பரிசல் துறை. இங்கிருந்து எதிர்க்கரையான தருமபுரி மாவட்டம் நாகமரைக்குப் பரிசலிலும் படகிலும் போய் வருகிறார்கள். கடல் போலப் பரந்து கிடக்கும் இந்தத் தண்ணீருக்கு அடியில் ஒரு காலத்தில் வீடுகளும் வயல்களும் இருந்தன. அணை கட்டியபோது அங்கிருந்த மக்கள் ஊரைக் காலி செய்துகொண்டு மேட்டுக்குப் போனார்கள். கோயிலும் தேவாலயமும் தண்ணீருக்குள் போயின.

கோடையில் நீர்மட்டம் நன்றாக இறங்கும்போது, பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தி சிலை வெளியே தெரியும். பழைய தேவாலயத்தின் கோபுரமும் தலைகாட்டும். கண்ணாடியும் வேண்டாம், குழாயும் வேண்டாம், கரையில் நின்றே பார்க்கலாம். தண்ணீர் வடிந்த நிலத்தில் விவசாயிகள் பயிர் வைப்பதும் உண்டு.

தினமும் செய்தித்தாளில் மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்க்கிறோம். 120 அடி என்றால் தஞ்சை, திருவாரூர், நாகை விவசாயிகளுக்கு நிம்மதி. அந்த நிம்மதிக்காக இங்கே சிலர் பிறந்த மண்ணையே விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். பரிசலில் போகும்போது பிள்ளைகளுக்கு இதையும் சொல்லிக்கொண்டே போகலாம்.

இதை மறக்காதீங்க!

* படகோ பரிசலோ, லைஃப் ஜாக்கெட் போட்ட பிறகுதான் ஏற வேண்டும். குழந்தைகளுக்கு அவர்கள் அளவில் இல்லையென்றால் அந்தச் சவாரியை விட்டுவிடுங்கள்.
* பரிசலில் எழுந்து நிற்பதோ, செல்ஃபிக்காக எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதோ கூடாது. கூட்டமாக ஏற்றினால் அடுத்ததுக்குக் காத்திருங்கள்.
* மேலே அமைதியாகத் தெரிந்தாலும் காவிரியில் ஆழமும் சுழலும் உண்டு. தெரியாத இடத்தில் இறங்கிக் குளிக்க வேண்டாம். நீச்சல் தெரிந்தவர்களுக்கும் இது பொருந்தும்.
* மேட்டூரில் உபரி நீர் திறந்தாலோ, கதவணையில் பராமரிப்பு வேலை நடந்தாலோ பூலாம்பட்டி படகு நிறுத்தப்படும். விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

புறப்படும் நாளில் மேட்டூர் நீர்மட்டம் எத்தனை அடி என்று மொபைலில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நிரம்பியிருந்தால் பழைய ஊருக்கு மேலே பரிசலில் போகலாம். நன்றாகக் குறைந்திருந்தால், கரையில் உங்களுக்காக நந்தி காத்திருக்கும்.