அம்மப்பாவின் றப்பர் குழாய்

எங்கட வீட்டில 1955ஆம் ஆண்டு எம்.ஜி. மக்னெற் கார் ஒன்று நிக்குது. கலியாண வீடுகளுக்கு மாப்பிள்ளை, பொம்பிளை ஏத்த வாடகைக்குப் போகும். என்ர கம்பஸ் செலவில பாதி அந்தக் காசுதான்.

யாழ்ப்பாணத்தில் பலருக்கும் தெரிந்த ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் காரின் அதே 1489 சி.சி. எஞ்சின்தான் இதற்கும். ஆனால் அதற்கு ஒரு காபரேற்றர், இதற்கு இரண்டு. சிக்கலே அதில்தான். ஒன்று கூடக் காற்றை இழுத்தால் மற்றது சும்மா இருக்கும். ஸ்லோவில் எஞ்சின் நொண்டும்.

அம்மப்பாவிடம் இதற்கென்று மெசின் எதுவும் இல்லை. ஒரு றப்பர் குழாய் மட்டும். ஒரு முனை காதில், மற்றது காபரேற்றர் வாயில். இரண்டையும் இணைக்கிற கம்பியின் பூட்டை இளக்கிவிட்டு, காற்று இழுபடுகிற "ஸ்ஸ்" சத்தம் இரண்டிலும் ஒரேயளவு வரும்வரை ஸ்குருவைத் திருப்புவார். 90களில் தடையால பெற்றோல் இல்லாதபோது, கொஞ்சப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினதும் அந்தக் காதை நம்பித்தான். மண்ணெண்ணெய்க்கு எஞ்சின் "நொக்" அடிக்கும். அதனால் ரைமிங்கைப் பிந்த வைக்கவேணும். எவ்வளவு என்பதை அவருக்குக் காதுதான் சொன்னது.

போன மாதம் ஸ்லோ சரியில்லை. அம்மப்பா கோயிலுக்குப் போன நேரம் நான் ஒரு வேலை பார்த்தேன். டிஸ்ரிபியூட்டரை இளக்கிக் கொஞ்சம் திருப்பினேன். எஞ்சின் உடனே வேகமாக, சீராக ஓடியது. ஸ்லோ ஸ்குருவைக் குறைத்துவிட்டு, வெற்றி என்று நினைத்தேன். ரைமிங் முந்தினாலே ஸ்லோ கூடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

பின்னேரம் வீட்டார் எல்லாரும் அதில் சாவகச்சேரிக்குப் போனோம். ரொப் கியரில் அக்சிலேற்றரை அமத்தினதும் டப்பாவுக்குள் ஆணி குலுங்குவதுபோல ஒரு சத்தம். முந்தின ரைமிங்கின் சத்தம். இப்பிடியே ஓடினால் பிஸ்ரன் ஓட்டையாகும். நான் அம்மப்பாவைப் பார்த்தேன். அவர் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு அது கேட்கவே இல்லை.

அன்றிரவு நித்திரை வரவில்லை. நான் செய்த பிழையைச் சொல்லலாம். ஆனால் அதைச் சொன்னால் மற்றதையும் சொன்ன மாதிரி.

"அம்மப்பா, டிஸ்ரிபியூட்டரை நான்தான் திருப்பினனான். நொக் அடிச்சது" என்று விடிய எழும்பிச் சொன்னேன். கனநேரம் ஒண்டும் பேசேல்ல. பிறகு, "பல்ப்பைக் கொண்டா பிள்ளை" என்றார்.

முதலில் பொயின்ற் இடைவெளி, 0.38 மில்லிமீற்றர். பிறகு பல்ப்பின் ஒரு வயரை டிஸ்ரிபியூட்டரிலும் மற்றதை எஞ்சின் உடம்பிலும் பிடித்தோம். எஞ்சினைக் கையால் சுற்றி, புலியின் அடையாளத்தைக் குறிக்கு நேரே நிறுத்தி, டிஸ்ரிபியூட்டரை மெல்லத் திருப்ப, பொயின்ற் திறக்கிற கணத்தில் பல்ப் பத்தியது. அதோடு இறுக்கினோம். அந்த வேலைக்குக் கண் போதும்.

அடுத்தது காபரேற்றர். எஞ்சின் சூடாகினதும் அம்மப்பா குழாயை எடுத்தார். காதில் வைத்தார், எடுத்தார், திரும்ப வைத்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"உனக்குப் பழக்கத்தான். எது கூட இரையுது?"

"பின்னுக்குள்ளது."

"அதைக் கால் சுத்துக் குறை. இப்ப?"

இருபது நிமிசம் அப்பிடியே போனது. இரண்டும் ஒத்து வந்ததும் பெற்றோல் கலவையைப் பார்க்க, காபரேற்றர் பிஸ்ரனை ஒரு மில்லிமீற்றர்கூட வராமல் உயர்த்தச் சொன்னார். வேகம் கூடி நின்றால் பெற்றோல் அதிகம், நிக்கப் பாத்தால் குறைவு, ஒருக்கால் லேசாக எழும்பி அடங்கினால் சரி. அதற்கு என்னைக் கேட்கவில்லை. மட்காட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "முன்னுக்குள்ளதுக்குக் கூட" என்றார். குறைத்துப் பார்த்தேன், சரிதான்.

ஞாயிறு கலியாணத்துக்குக் கார் எங்கயும் நிக்காமல் போய் வந்தது. காது டொக்ரரிட்ட போவம் என்று நான் இன்னும் கேட்கேல்ல. அடுத்த சோதினைக்கு முதல் கேட்கவேணும். குழாய் இப்ப என்ர மேசை லாச்சிக்குள்ள இருக்குது.