பன்னிரண்டு மணிக்குள் காலி செய்யவும்

அம்மாவின் இருதயப் பரிசோதனைக்காக அண்மையில் கோலாலம்பூரில் நான்கு இரவு தங்க வேண்டியிருந்தது. திங்கட்கிழமை சோதனை, வியாழக்கிழமை காலை டாக்டரைப் பார்ப்பது. தாப்பாவிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர்தான். தாப்பா ரோடு நிலையத்தில் இடிஎஸ் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் கேஎல் சென்ட்ரலில் இறங்கிவிடலாம். ஆனாலும் 76 வயதுக்காரரை ஒரே வாரத்தில் இரண்டு முறை அலைய வைக்க மனம் வரவில்லை.

"ஹோட்டல் வேண்டாங்க. அத்தைக்கு உப்பு குறைச்ச சாப்பாடு. அடுப்பு உள்ள இடமா பாருங்க" என்றாள் மனைவி. தேடியதில் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு சர்வீஸ் அபார்ட்மெண்ட் அமைந்தது. பத்தொன்பதாவது மாடி. இரண்டு அறை, சிறிய சமையல்கட்டு, துணி துவைக்கும் இயந்திரம்.

பணம் கட்டும் முன் ஒன்றை மட்டும் விசாரித்துக்கொண்டேன். அந்தக் கட்டடத்தில் குறுகிய கால வாடகைக்கு அனுமதி உண்டா? அடுக்குமாடி நிர்வாகம் விரும்பினால் அதற்குத் தடை போடலாம் என்று 2020-இல் கூட்டரசு நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. நோயாளியை அழைத்துக்கொண்டு போய்ப் பாதுகாவலரிடம் மாட்டிக்கொள்ளக் கூடாது. முன்பணம் எவ்வளவு, துப்புரவுக் கட்டணம் தனியா என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது.

போய்ச் சேர்ந்தபோது வரவேற்க ஆள் இல்லை. கைப்பேசிக்கு வந்த ஆறு எண்களைக் கதவில் அழுத்தினேன். திறந்துகொண்டது.

"சாவி இல்லாத வீடா? வீட்டுக்காரவங்க யாரு?" என்று கேட்டார் அம்மா.

"அவங்களைப் பாக்க முடியாதும்மா. எல்லாம் போன்லதான்."

அம்மா தம் கைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தாப்பா வீட்டுச் சாவி எப்போதும் அதில்தான் இருக்கும்.

மனைவி வைத்த மிளகு ரசமும் சோறும் அம்மாவுக்குப் பிடித்திருந்தன. தூக்கம்தான் வரவில்லை. "பக்கத்து வீட்டுல ஆளே இல்லையா? ஒரு சத்தமும் காணோமே" என்றார். எங்கள் தோட்டத்து லயத்தில் நடுச்சுவர் கூரை வரை போகாது. பக்கத்து வீட்டில் இருமினால் இங்கே தண்ணீர் எடுத்துக் கொடுக்கத் தோன்றும்.

குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த விதிகளைப் படித்துக் காட்டச் சொன்னார். இரவு பத்துக்கு மேல் சத்தம் கூடாது. டுரியான் கூடாது. கடைசி நாள் பகல் பன்னிரண்டு மணிக்குள் காலி செய்யவும்.

"நமக்கு மூணு மாசம் கொடுத்தாங்க" என்றார் அம்மா.

எனக்குப் புரிந்தது. தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். முப்பத்தொரு வருடம் பால்மரம் வெட்டியவர் அம்மா. தோட்டம் கைமாறியபோது வந்தது ஒரு கடிதம்தான். காலி செய்த அன்று லாரி காத்திருக்க, அம்மா வீட்டைக் கூட்டித் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். "இடிக்கப் போற வீட்டை எதுக்கும்மா கழுவுறீங்க?" என்று கத்தினேன். பதில் சொல்லவில்லை. சாவியைக் கிராணியிடம் கொடுத்துவிட்டு லாரியில் ஏறினார்.

வியாழக்கிழமை விடியற்காலை நாலரைக்குத் துடைப்பச் சத்தம் கேட்டு விழித்தேன். பெரட்டுக்குப் போன காலத்துப் பழக்கம், அந்த நேரத்துக்கு எழுந்துவிடுவார். சமையல்கட்டு துடைத்திருந்தது. போர்வைகள் மடித்திருந்தன.

"நெஞ்சு வலிக்காரவங்க செய்யுற வேலையா இது? துப்புரவுக்குக் காசு கட்டியாச்சும்மா" என்று துடைப்பத்தை வாங்கினேன்.

"காசு நீ கட்டினே. இருந்தது நாங்கதானே" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அன்னைக்கு நீ கேட்டியே, தம்பி. இடிக்கிறது அவங்க பாடு. அழுக்கா விட்டுட்டுப் போனாங்கன்னு பேரு நமக்கு வேணாம்" என்றார்.

இருபது வருடத்துக்கும் மேல் கழித்து வந்த பதில். மீதியை நானே கூட்டினேன்.

டாக்டர் மருந்தை மாற்றிக் கொடுத்து, ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார். மாலையில் தாப்பா வந்து சேர்ந்தோம். தாமானில் இருக்கும் இந்த மலிவு விலை வீட்டின் பட்டா அம்மாவின் பெயரில்தான் இருக்கிறது. கதவைத் திறக்க நான் முன்னே போனேன்.

"நீ தள்ளு" என்று கைப்பையைத் திறந்தார் அம்மா.