மூன்று நிமிடம் இருபது விநாடி

கண்டி எசல பெரஹெராவைச் சூப்பர் 8 படச்சுருளில் பதிய விரும்புவோர் கெமராவின் அழகைப் பார்த்து மயங்கக்கூடாது. வில்லையின் ஒளித்திறனைப் பார்க்க வேண்டும். கொப்பரைத் தீப்பந்த வெளிச்சத்துக்குச் சாதாரண வில்லை போதாது. ஆகவே 1975இல் வெளிவந்த கெனன் 310எக்ஸ்எல்லைத் தேர்ந்தேன். அதன் வில்லைத்துளை எஃப் 1.0 வரை விரியும். வாங்குமுன் மின்கல அறையில் களிம்பு படிந்துள்ளதா எனப் பாருங்கள். சுருளின்றி ஓடவிட்டு, சத்தம் சீராக உள்ளதா எனக் கேளுங்கள்.

விநாடிக்கு 18 சட்டங்கள் வீதம் 50 அடிச் சுருள் 3 நிமிடம் 20 விநாடியில் தீர்ந்துவிடும். யானைகள் அடுத்த ஆண்டும் வரும். வீதியோரத்தில் பாய்விரித்து அமர்ந்திருந்த எண்பது வயது அம்மாவின் முகத்துக்கே முழுச்சுருளையும் செலவிட்டேன். ஒவ்வொரு பந்தமும் கடக்கையில் அது ஒளிர்ந்து மங்குகிறது.

கழுவி வந்த படத்தை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். இறுதிவரை பார்த்துவிட்டுக் கேட்டார்: “யானை எங்கே, தம்பி?”