சுவரைப் பிடித்து வைக்க முடியாது

எங்கள் அப்பா மேஸ்திரி. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி, லேபர் கான்ட்ராக்ட்டில் வீடு கட்டிக் கொடுப்பவர். சிமெண்ட்டும் கம்பியும் வீட்டுக்காரருடையவை; ஆட்கள் அப்பாவுடையவர்கள். ஊர்த்தெருவில் அவர் கட்டிய மாடி வீடு ஒன்று இன்றும் நிற்கிறது. அந்தக் கணக்கில் 78 ஆயிரம் ரூபாய் பாக்கி.

பூச்சு வேலை முடிந்ததும் மீதியைத் தருவதாகப் பேச்சு. முடிந்தது. கிரகப்பிரவேசத்தன்று எங்கள் ஆட்களுக்குப் பின்பக்கம் வேப்பமரத்தடியில் இலை போட்டார்கள். பாக்கியைக் கேட்டபோது, "நெல்லு போட்டுட்டு தர்றேன்பா, எங்கயாவது ஓடியா போயிடப் போறேன்?" என்றார் வீட்டுக்காரர். "சரிங்க ஐயா" என்று அப்பா திரும்பி வந்தார். சித்தாள்களுக்குச் சனிக்கிழமைக் கூலி நிற்கக் கூடாதென்று அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. திரும்பி வரவில்லை.

நாங்கள் சமூகவியல் படித்து முடித்து, அப்பாவின் சிட்டையை ஒரு வழக்கறிஞரிடம் கொண்டுபோனபோது நான்கு ஆண்டுகள் ஓடியிருந்தன. அவர் இரண்டே கேள்விகள் கேட்டார். எழுத்தில் ஏதாவது இருக்கிறதா? வேலை எப்போது முடிந்தது? பணம் தர நாள் குறிக்காத வேலைக்கு, வேலை முடிந்த 3 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும் என்கிறது 1963 காலவரம்புச் சட்டம். நெல்லுக்காகக் காத்திருந்த நாட்களையும் சேர்த்தே அது எண்ணிவிட்டது.

இன்னொன்றையும் அன்றுதான் தெரிந்துகொண்டோம். 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆவது பிரிவின்படி, ஒரு பொருளை வாங்கி அதில் வேலை செய்தவர், கூலி வரும்வரை அதைத் தராமல் வைத்துக்கொள்ளலாம். சட்டமே தையல்காரரை உதாரணம் காட்டுகிறது. ஆனால் கொத்தனார் சுவரைப் பிடித்து வைக்க முடியாது.

அமெரிக்காவில் முடியும். வாஷிங்டன் நகரைக் கட்டத் தொடங்கிய காலத்தில், 1791இல், மேரிலாந்து மாநிலம் ஒரு சட்டம் போட்டது. கட்டியவருக்குப் பணம் வராவிட்டால் அந்தக் கட்டடத்தின் மீதே அவருக்குப் பற்றுரிமை உண்டு. இன்று எல்லா மாநிலங்களிலும் அப்படிச் சட்டம் இருக்கிறது. ஆனால் அதே நகரில் வெள்ளை மாளிகையைக் கட்டியவர்களில் அடிமைகளும் இருந்தார்கள். அவர்களுடைய கூலி எஜமானர்களின் கைக்குப் போனது. சட்டம் நல்லதாக இருந்தாலும் யாரை அது கட்டியவராக எண்ணுகிறது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. எங்களுக்கு அது புதிய கேள்வி அல்ல.

அதற்காக நம்மிடம் ஒன்றுமே இல்லை என்று நினைக்க வேண்டாம் தோழர்களே. எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், இலவசமாகச் செய்வதாகச் சொல்லாத வேலையின் பலனை அனுபவித்தவர் அதற்கு ஈடு தர வேண்டும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆவது பிரிவு. 3 ஆண்டுகள் முடிவதற்குள் "இவ்வளவு பாக்கி" என்று வீட்டுக்காரர் எழுதிக் கையெழுத்திட்டால், அந்த நாளிலிருந்து காலவரம்பு புதிதாகத் தொடங்கும். பட்டியல் சாதியினருக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச வழக்கறிஞர் பெறும் உரிமையை 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவு தருகிறது. தாலுகா நீதிமன்ற வளாகத்திலேயே அதற்கான குழு இருக்கும். பாக்கி கேட்கப் போனவரைப் பலர் பார்க்கச் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால், அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் தனிக் குற்றம். பணத்துக்கான வழக்கு வேறு, அது வேறு. ஒன்றுக்காக இன்னொன்றை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை.

இதையெல்லாம் எங்கள் காலனியின் இளம் மேஸ்திரி ஒருவரிடம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணே, கையெழுத்து கேட்டா அடுத்த வேலையே தர மாட்டாங்க" என்றார். அந்தப் பயத்துக்கு எந்தப் பிரிவிலும் பதில் இல்லை. அப்பா அன்று "சரிங்க ஐயா" என்றதும் அதனால்தான்.

பிறகு மேஸ்திரிகள் ஒன்பது பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடினார்கள். வேலை தொடங்கும் முன் ஒரு பக்கத் தாள்: சதுர அடி விலை, எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம், இரண்டு கையெழுத்து. தாள் இல்லாமல் யாரும் வேலைக்குப் போவதில்லை என்று முடிவு. ஒருவர் கேட்டால் திமிர் என்பார்கள். ஒன்பது பேரும் கேட்டால் அதுதான் வழக்கம் என்றாகிவிடும். இதுவரை நான்கு வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இருவர் வெளியூர் ஆட்களை வைத்துக்கொண்டார்கள். இழப்பும் இருக்கிறது, மறைக்கவில்லை.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் தெரு மேஸ்திரியின் அருகில் அரை மணி நேரம் உட்காருங்கள். அவருடைய பாக்கிக் கணக்கைத் தேதியோடு எழுதிக் கொடுங்கள். எங்கள் அப்பாவுக்கு அதைச் செய்ய நாங்கள் ஓராண்டு பிந்திவிட்டோம்.