விசிறி சொல்லும் செய்தி

நுழையும்முன்

கணினியைப் பயன்படுத்தத் தெரிந்தவர் பலர். அதன் இயல்பு மாறும்போது காரணத்தைத் தேடத் தெரிந்தவர் சிலரே. மடிக்கணினி எழுப்பும் இரைச்சலிலிருந்து கோளாறின் மூலத்தை அறியும் வழியை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திரையில் எழுதுவதற்கான ஒரு பக்கம் மட்டுமே திறந்திருக்கிறது. விசைப்பலகையை எவரும் தொடவில்லை. ஆயினும் மடிக்கணினியின் விசிறி முழு வேகத்தில் சுழன்று இரைகிறது. அடிப்புறம் கைவைக்க இயலாதபடி சுடுகிறது. கருவி பழுதாகிவிட்டது என்றே பலரும் முடிவுசெய்கின்றனர். 2011ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாகத் தமிழ்நாட்டின் எத்தனையோ இல்லங்களுக்குள் முதன்முதலாகக் கணினி நுழைந்தது. வீட்டில் இருப்பது அந்த ஒன்றுதான் என்னும்போது, 'பழுது' என்னும் தவறான முடிவு ஒரு மாணவரின் படிப்பையே தடுத்துவிடும். எனவே, விசிறி சொல்லும் செய்தியைப் படிக்கக் கற்பதும் கணினிக் கல்வியின் ஒரு பகுதியே ஆகும்.

வெப்பம் என்னும் சாட்சி

கணினியின் மையச் செயலகம் கோடிக்கணக்கான நுண்ணிய டிரான்சிஸ்டர்களால் ஆனது. ஒவ்வொரு கணக்கீட்டின்போதும் அவை நிலைமாறுகின்றன. அதற்கு மின்னாற்றல் செலவாகிறது. அவ்வாறு செலவாகும் ஆற்றல் ஏறத்தாழ முழுவதும் இறுதியில் வெப்பமாகிறது. வேலை கூடினால் வெப்பம் கூடும். வெப்பம் கூடினால் விசிறியின் வேகம் கூடும். வெப்பநிலை ஓர் எல்லையை நெருங்கும்போது செயலகம் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. பல மடிக்கணினிகளில் அவ்வெல்லை ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸ் ஆகும். சூடேறிய கணினி மந்தமாவதற்கு இத்தற்காப்பே காரணம். திரையில் தோன்றாமல் ஒரு மென்பொருள் இயங்கலாம். ஆனால், தான் உண்டாக்கும் வெப்பத்தை அதனால் மறைக்க இயலாது.

திரைக்குப் பின்னால்

ஒரே கணினியைப் பலர் ஒரே வேளையில் பகிர்ந்து பயன்படுத்தும் முறையை, 1961இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பெர்னாண்டோ கார்பட்டோவின் குழுவினர் செய்துகாட்டினர். 1963இல் அங்குப் பணியாற்றியோர், பயனர் ஏவாமலே பின்புலத்தில் ஓயாது இயங்கும் நிரல்களுக்கு 'டீமன்' எனப் பெயரிட்டனர். இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1867இல் கற்பனை செய்த 'மேக்ஸ்வெல்லின் பூதம்' இப்பெயருக்கு மூலமாகும். வாயு மூலக்கூறுகளை வேகமானவை, மெதுவானவை என ஓயாமல் பிரித்து, ஆற்றல் செலவின்றியே வெப்ப வேறுபாட்டை உருவாக்குவது அப்பூதத்தின் பணி. இயற்கையில் அத்தகைய பூதம் இல்லை. தகவலின் ஒரேயொரு துணுக்கை அழித்தால்கூட மிகச் சிறிதளவேனும் வெப்பம் வெளிப்பட்டே தீரும் என்று 1961இல் ரோல்ஃப் லேண்டவர் எடுத்துரைத்தார். பெயரில் பூதமாயினும், பின்புல நிரலும் மின்னாற்றலை உண்டே உழைக்கிறது.

இன்றைய மடிக்கணினியில் இத்தகைய பணியாளர்கள் பலர். நச்சுநிரல் தடுப்பான் கோப்புகளைச் சோதிக்கிறது. இயக்க அமைப்பு தன் புதிய பதிப்பைப் பதிவிறக்குகிறது. தேடலை விரைவாக்கும்பொருட்டுக் கோப்புகளுக்கு அட்டவணை தயாராகிறது. இவை பயனுள்ள பணிகள், முடிந்ததும் ஓய்ந்துவிடும். பெரிய புதுப்பித்தலுக்குப் பின்னர்ச் சிறிது நேரம் விசிறி இரைவது இயல்பே. ஓயாத இரைச்சலுக்குத்தான் காரணம் தேட வேண்டும்.

காரணம் தேடும் முறை

கோளாறு எது, அதன் மூலம் எது, தீர்க்கும் வழி எது என்னும் வரிசை, மருத்துவருக்கு மட்டுமன்றிக் கணினியைச் சீர்செய்பவருக்கும் உரியது. விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளை ஒருசேர அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' என்னும் பணி மேலாளர் திறக்கும். அதில் 'சிபியு' என்னும் தலைப்பைச் சொடுக்கினால் செயலகத்தை மிகுதியாகப் பயன்படுத்தும் நிரல் முதலிடத்திற்கு வரும். லினக்சில் 'டாப்' என்னும் கட்டளை இதே விவரத்தைத் தரும்.

செயலகத்தின் பயன்பாடு குறைவாக இருந்தும் விசிறி இரைந்தால், பெரும்பாலும் மென்பொருள் குற்றவாளியன்று. காற்றுத் துளைகளில் தூசி அடைத்திருக்கலாம். மெத்தையின்மீது வைத்ததால் காற்று செல்லும் வழி மூடியிருக்கலாம். பயன்பாடு மிகுந்திருந்தால் நிரல்களை ஆராய வேண்டும்.

முதலிடத்தில் நிற்பதெல்லாம் குற்றவாளியும் அன்று. விண்டோசின் விவரப் பட்டியலில் 'சிஸ்டம் ஐடில் பிராசஸ்' 95 விழுக்காடு எனக் காட்டினால், செயலகம் அந்த அளவிற்கு ஓய்ந்திருக்கிறது என்பதே பொருள். ஆப்பிள் கணினிகளில் 'கெர்னல் டாஸ்க்' பெரிய எண்ணுடன் தோன்றுவதுண்டு. பிற நிரல்கள் செயலகத்தை முழுமையாகப் பயன்படுத்தவிடாமல் இடத்தைப் பிடித்துக்கொண்டு வெப்பத்தைத் தணிப்பது அதன் பணிகளுள் ஒன்று. காவலரையே கள்வரெனக் கருதும் பிழை இங்கு எளிதில் நேரும். பெயர் விளங்காத நிரலை அழிப்பதற்கு முன், அது எந்த மென்பொருளைச் சேர்ந்தது என அறிதல் வேண்டும். தேவையற்றது எனத் தெளிந்தபின், கணினி தொடங்கும்போதே அது இயங்குவதைத் தடுக்கலாம். முழுவதுமாக நீக்கியும் விடலாம்.

உழைப்புக் களவு

சில வேளைகளில் காரணம் கள்ளத்தனமாகவும் இருக்கும். 2017 செப்டம்பரில் 'காயின்ஹைவ்' என்னும் சேவை தோன்றியது. இணையப் பக்கத்தில் அதன் நிரலைப் பொருத்தினால், பக்கத்தைப் பார்ப்பவரின் கணினி 'மொனேரோ' என்னும் மின்னணு நாணயத்திற்கான கணக்குகளைச் செய்யும். வருவாய் வேறொருவருக்குச் சேரும். பார்ப்பவரின் ஒப்புதலின்றியே பலர் இதைப் பயன்படுத்தினர். 2018 பிப்ரவரியில், பக்கங்களை உரக்கப் படித்துக்காட்டும் 'பிரௌஸ்அலவுட்' என்னும் மென்பொருளுக்குள் இந்நிரல் நுழைக்கப்பட்டது. அதனைப் பொருத்தியிருந்த 4000க்கும் மேற்பட்ட இணையத்தளங்கள் பாதிக்கப்பட்டன. தனிநபர் தகவல்களின் காப்பினைக் கண்காணிக்கும் பிரித்தானியத் தகவல் ஆணையர் அலுவலகத்தின் தளமும் அவற்றுள் ஒன்று. படிக்க இடர்ப்படுவோருக்கு உதவ வந்த கருவியே களவுக்கு வாயிலாயிற்று. 2019 மார்ச்சில் காயின்ஹைவ் மூடப்பட்டது. எனினும், இம்முறை முற்றும் ஒழிந்துவிடவில்லை.

இக்களவில் கோப்பு எதுவும் தொலைவதில்லை. ஆதலால் இழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. மின்கட்டணம், மின்கலத்தின் ஆயுள், மந்தமான கணினியின்முன் கழியும் நேரம் ஆகியவை உரிமையாளரின் செலவு, பயன் முகமறியாதவருக்கு. பல வேளைகளில் இதனை முதலில் காட்டிக்கொடுப்பது விசிறியின் ஓசையே. குறிப்பிட்ட பக்கத்தை மூடியதும் இரைச்சல் தணிந்தால் காரணம் அங்குதான் இருக்கிறது. குரோம் உலாவியின் பணி மேலாளர், எந்தப் பக்கம் செயலகத்தை உண்கிறது என்பதைத் தனித்தனியாகவே காட்டும்.

ஒரு கருவியை உடைமையாகக் கொள்வது என்பது, அது எவருக்காக உழைக்கிறது என்பதை அறிந்திருப்பதும் ஆகும். அதற்குப் பெரும் தொழில்நுட்பப் புலமை தேவையில்லை. இரைச்சல் எழும்போது கணினியை அணைத்து மூடிவைப்பதற்கு முன், பணி மேலாளரைத் திறந்து முதல் வரியைப் படிக்கும் பொறுமை போதும்.