பலூஸ்: குதிரைக்குப் பின் வந்த பம்ப்

ஸ்போகேன் நகரிலிருந்து 195ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே கிளம்பினால், சிறிது தூரத்திலேயே பைன் மரங்கள் பின்தங்கிவிடுகின்றன. அதன்பிறகு கண்ணுக்கெட்டிய மட்டும் கோதுமை. நிலம் சமமாகவே இல்லை. உதறிப் போட்ட ஜமுக்காளம்போல மடிப்பு மடிப்பாகக் குன்றுகள்; ஒவ்வொரு குன்றின் உச்சிவரை உழுத சால்கள். இரண்டு குன்றுகளுக்கு நடுவே, காற்றுக்கு மறைவாக, ஒரு வீடு, சாயம் போன ஒரு கொட்டில், நாலைந்து மரங்கள். அந்த முற்றத்தின் ஓரத்தில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு துருப்பிடித்த இரும்புத் தூண் நின்றால், வண்டியை மெதுவாக்குங்கள். அது பழைய பெட்ரோல் பம்பாக இருக்கலாம். அந்தப் பம்புகளுக்காகத்தான் நான் இந்தச் சீமைக்குப் போனேன்.

சீமையின் பெயர் பலூஸ். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துத் தென்கிழக்கு மூலையில் தொடங்கி ஐடஹோ எல்லையையும் தாண்டிக் கிடக்கிறது. இதன் நடுநாயகம் விட்மன் மாவட்டம். 2020 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 48,000. அதில் மூன்றில் இரண்டு பங்கினர், மாநிலப் பல்கலைக்கழகம் இருக்கும் புல்மன் நகரில் வசிக்கிறார்கள். மிச்சமுள்ளவர்கள் 5,600 சதுர கிலோமீட்டரில் சிதறிக் கிடக்கிறார்கள். அமெரிக்காவில் கோதுமை அதிகம் விளையும் மாவட்டங்களில் முதல் வரிசையில் இருப்பதும் இதே மாவட்டம்தான்.

இந்த மண் காற்று கொண்டுவந்து கொட்டியது. அடியில் இருப்பது எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறை. பனியுகத்தில் பெருவெள்ளங்கள் மேற்கே விட்டுச்சென்ற வண்டலைக் காற்று வாரி வந்து, அந்தப் பாறைமேல் ஆயிரமாயிரம் ஆண்டுகள் தூவியது. சில இடங்களில் மண்ணின் ஆழம் 60 மீட்டருக்கும் மேல். பாசனம் இல்லை. குளிர்கால மழையையும் பனியையும் இந்த மண்ணே உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையில் பயிருக்குக் கொடுக்கிறது. இந்த மண்கடலுக்கு மேலே தலைநீட்டி நிற்பது ஸ்டெப்டோ மலை. உயரம் 1,101 மீட்டர். எரிமலைக் குழம்பு பாய்வதற்கு வெகு காலம் முன்பே இருந்த பாறை அது. இப்படிக் குழம்பில் மூழ்காமல் தப்பிய பழம்பாறை உலகில் எங்கிருந்தாலும் புவியியலாளர்கள் அதை 'ஸ்டெப்டோ' என்றே அழைக்கிறார்கள். விடியலில் அதன் உச்சியில் நின்றால், கீழே குன்றுகளின் ஒருபுறம் வெளிச்சமும் மறுபுறம் நிழலுமாகத் தெரியும். ஒளிப்படக்காரர்கள் உலகெங்கிலுமிருந்து வருவது இந்தக் காட்சிக்காகத்தான்.

ஆனால் மலையிலிருந்து இறங்கி மண்சாலைக்கு வந்தால்தான் ஊரின் கதை தொடங்கும். அது குதிரையின் கதை.

உழவர்கள் வருவதற்கு முன் இங்கே மேய்ச்சல் புல்தான். அது பலூஸ் பழங்குடியினரின் நிலம். அவர்கள் பெயர்பெற்ற குதிரைக்காரர்கள்; 'அப்பலூசா' என்ற புள்ளிக் குதிரை இனத்தின் பெயர் 'பலூஸ்' என்ற பெயரிலிருந்து வந்தது. 1858 மே மாதம் ரொசாலியா என்ற இன்றைய ஊருக்கருகே, கர்னல் ஸ்டெப்டோவின் படையைப் பழங்குடியினர் தோற்கடித்தார்கள். அதற்குப் பழிவாங்க வந்த கர்னல் ரைட், செப்டம்பரில் ஸ்போகேன் ஆற்றங்கரையில் அவர்களுடைய குதிரைகள் சுமார் 800ஐப் பிடித்துக் கொன்றுபோடச் செய்தார். குதிரை போனதும் அந்த மக்களின் வாழ்வும் அவர்கள் கையைவிட்டுப் போனது. தோற்ற தளபதியின் பெயர் மலைக்கு நிலைத்தது. அந்தப் புல்வெளியில் இன்று நூற்றில் ஒரு பங்குகூட மிச்சமில்லை.

பின்னால் வந்த உழவர்களும் குதிரையை நம்பியே வாழ்ந்தார்கள். இந்தச் சரிவுகளில் அறுவடை இயந்திரத்தை இழுக்க 20 முதல் 33 குதிரைகளோ கோவேறு கழுதைகளோ தேவைப்பட்டன. அத்தனையையும் ஒரே ஆள், சில வார்ப்பட்டைகளைப் பிடித்து ஓட்டினார். இயந்திரம் குடைசாயாமல் மட்டம் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், மூட்டை தைக்க ஓர் ஆள் என்று ஒரு பட்டாளமே வேலை செய்தது. இன்று படமெடுக்கப்படும் பெரிய கொட்டில்கள் எல்லாம் இந்தக் குதிரைகளுக்காக எழுந்தவை: கீழே தொழுவம், மேலே வைக்கோல் பரண். 1915 வாக்கில் அமெரிக்கா முழுவதும் சுமார் 2.6 கோடி குதிரைகளும் கோவேறு கழுதைகளும் இருந்தன. பயிர்நிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அவற்றின் தீவனத்துக்கே போனது. அதாவது பண்ணை தனக்கு வேண்டிய எரிபொருளைத் தானே விளைவித்துக்கொண்டது. ஓட்ஸும் வைக்கோலும்தான் அன்றைய பெட்ரோல்.

அந்தக் கணக்கை முடித்துவைத்தது பம்ப்.

1920களின் பம்புக்கு உச்சியில் கண்ணாடி உருளை உண்டு. பக்கத்திலிருக்கும் நெம்புகோலை முன்னும் பின்னும் தள்ளினால், நிலத்தடித் தொட்டியிலிருந்து பெட்ரோல் உருளைக்குள் ஏறும். உருளையில் கேலன் கோடுகள் இருக்கும். எத்தனை வேண்டுமோ அத்தனை கோடு ஏற்றி, பிறகு குழாயைத் திறந்தால் தன் எடையிலேயே வண்டிக்குள் இறங்கிவிடும். அளவிலும் சுத்தத்திலும் வாங்குபவருக்கு நம்பிக்கை வரவேண்டும் என்பதற்காகத்தான் கண்ணாடி. தங்கள் சரக்கைத் தனியாகக் காட்டச் சில நிறுவனங்கள் பெட்ரோலில் சாயமும் கலந்தன. அடுத்த பத்தாண்டில் மின்மோட்டாரும், விலையைத் தானே கணக்கிடும் எண் சக்கரங்களும் வந்தன. அந்தச் சக்கரங்கள் பலவற்றில் கேலனுக்கு 99.9 சென்டுக்கு மேல் இடமில்லை. 1979 வாக்கில் விலை ஒரு டாலரைத் தாண்டியபோது, பாதி விலையைச் சக்கரத்தில் வைத்து, வந்த தொகையை இரண்டால் பெருக்கி வாங்கினார்கள். பழைய பம்புகள் பல வேலையிலிருந்து இறங்கியது அந்தக் காலத்தில்தான்.

பண்ணைக்குள் பம்ப் ஏன் வந்தது? அறுவடை நாளில் டிராக்டரை ஊருக்கு ஓட்டிப்போய் எரிபொருள் போட முடியாது. எண்ணெய் லாரி பண்ணைக்கே வந்து தொட்டியை நிரப்பிவிட்டுப் போகும். 1930களில் சங்கிலிச் சக்கர டிராக்டர் இந்தச் சரிவுகளை வென்றது; குதிரைகள் ஒவ்வொன்றாக வெளியேறின. 1940களில், சீமையின் பெயரையே கொண்ட பலூஸ் என்ற ஊரைச் சேர்ந்த ரேமண்ட் ஹேன்சன், சரிவிலும் அறுவடை இயந்திரம் தானாகவே மட்டமாக நிற்கும் ஏற்பாட்டைக் கண்டுபிடித்தார். மட்டம் பார்த்த ஆளுக்கும் வேலை போனது. ஆள் குறைந்தால் வீடு குறையும். வீடு குறைந்தால் பள்ளிக்கூடம் மூடும், கடை மூடும். ஒரு குடும்பம் நாலு குடும்பத்து நிலத்தை உழத் தொடங்கியது. இங்கே நீங்கள் படமெடுக்கும் காலியான கொட்டில், கண்ணாடி உடைந்த பள்ளிக்கூடம், ஆளில்லாத வீடு எதுவானாலும், அதன் காரணத்தைத் தேடிப் போனால் ஒரு பம்பின் முன்னால் வந்து நிற்பீர்கள்.

ஊர்களையும் சொல்லிவிடுகிறேன். ரொசாலியாவில் சுமார் 600 பேர் இருக்கிறார்கள். 1923இல் கட்டிய டெக்ஸகோ பெட்ரோல் பங்க்கைச் சீரமைத்து, வருகிறவர்களுக்கான தகவல் நிலையமாகவும் அருங்காட்சியகமாகவும் வைத்திருக்கிறார்கள். தொடங்குவதற்கு நல்ல இடம். ஓக்ஸ்டேலில் மர மாவு ஆலை ஒன்று இன்னும் நிமிர்ந்து நிற்கிறது. தெற்குக் கோடியில் யூனியன்டவுன். அங்கே 1935இல் எழுந்த டாமன் பால்பண்ணைக் கொட்டில் இப்போது கலைஞர்களின் கூடம். அதன் வேலி முழுக்கச் சக்கரங்கள், ஆயிரத்துக்கும் மேல்: கதிரடிக்கும் இயந்திரத்தின் சக்கரம், புல்வெட்டியின் சக்கரம், தையல் இயந்திரத்தின் சக்கரம். அந்த வேலியை ஓரத்திலிருந்து நடந்து பார்த்தாலே இந்த மாவட்டத்தின் உழைப்பு வரலாறு முழுவதையும் படித்துவிடலாம்.

இனி நான் பார்த்த பம்ப். கார்ஃபீல்டுக்கும் பலூஸ் ஊருக்கும் இடையே எங்கோ ஒரு பண்ணை. கேமராவை வெளியே எடுக்காமல் நேரே போய்க் கதவைத் தட்டினேன். எண்பதைத் தொடும் வயதில் ஒருவர் திறந்தார். இந்தியாவிலிருந்து வருகிறேன் என்றதும் முதலில் பருப்பைப் பற்றித்தான் கேட்டார். கோதுமைக்கு மாற்றாக இவர்கள் பயிரிடும் கொண்டைக்கடலையும் மைசூர் பருப்பும் இந்தியாவுக்கும் வருகின்றன. 2019இல் இந்தியா கூடுதல் சுங்கவரி போட்டதும், 2023இல் அதை நீக்கியதும் அவருக்கு வீட்டுக் கணக்குபோல நினைவிருந்தது. எங்கள் வீட்டுச் சுண்டலைப் பற்றிச் சொன்னேன். உள்ளே வரச் சொன்னார்.

பம்ப் கொட்டிலின் வாசலுக்கு நேரே நின்றது. "ஏன் இங்கே வைத்தார்கள்?" என்று கேட்டேன்.

"குதிரைக்குத் தண்ணீர்த் தொட்டி இருந்த இடம் இது. காலையில் எல்லோரும் முதலில் வருவது இங்கேதான். தாத்தா அந்தப் பழக்கத்தை மாற்றவில்லை" என்றார்.

கண்ணாடி உருளை எப்போதோ உடைந்திருந்தது. பெயிண்டில் சிவப்பு கொஞ்சம் மிச்சம். நெம்புகோலின் மரக் கைப்பிடி மட்டும் நடுவில் ஒடுங்கி, உள்ளங்கைக்கு அளவெடுத்ததுபோல் இருந்தது. பேசிக்கொண்டே அவர் கை அதைப் பிடித்து ஒருமுறை தள்ளியது. உள்ளே வறண்ட இரும்பு முனகியது. பிறகு என்னைக் கொட்டிலுக்குள் கூட்டிப்போனார். காலியான தொழுவத்தடுப்புகளுக்கு மேலே, பலகைகளில் சுண்ணக்கட்டியால் எழுதிய பெயர்கள் மங்கலாகத் தெரிந்தன. குதிரைகளின் பெயர்கள். அவற்றை அழிக்க யாருக்கும் மனம் வரவில்லை என்றார்.

இந்த வேலையில் நான் கற்றதைச் சொல்கிறேன். துருவுக்கு மேகமூட்டமான வெளிச்சமே நல்லது. சுள்ளென்ற வெயில் அதன் நிறத்தைக் கொன்றுவிடும். எழுத்து மங்கிய பெயிண்டுக்குக் காலைச் சாய்வெளிச்சம். பம்பிலுள்ள உற்பத்தித் தகட்டைத் தனியாகப் படமெடுங்கள். காலத்தை அது சொல்லும். தூசியைத் துடைக்காதீர்கள், எதையும் நகர்த்தி வைக்காதீர்கள். உள்ளே குளவிக்கூடு இருக்கலாம். பம்பை மட்டும் நெருக்கி எடுத்த படம் எந்த ஊருக்கும் பொருந்தும்; நாலடி பின்னால் நகர்ந்து, அது எதைப் பார்த்து நிற்கிறது என்பதையும் சட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். ஜூனில் குன்றுகள் பச்சை. ஜூலைக் கடைசியிலிருந்து பொன்னிறம், அறுவடை.

அறுவடைக் காலத்தில் காய்ந்த புல்மேல் காரை நிறுத்தக்கூடாது. சூடான புகைக்குழாய் போதும், ஒரு குடும்பத்தின் ஓராண்டு விளைச்சல் சாம்பலாகிவிடும். பயிருக்குள் கால் வைக்கக்கூடாது. படத்தைப் பிறரிடம் காட்டும்போது பண்ணை இருக்கும் இடத்தைச் சொல்லவேண்டாம். பழைய பம்புகளுக்குச் சேகரிப்பாளர்களிடம் நல்ல விலை இருக்கிறது, இரவில் வண்டி கொண்டுவந்து பெயர்த்துக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் முதலில், கதவைத் தட்டுங்கள். 'கைவிடப்பட்டது' என்று நாம் தலைப்பு வைக்கும் பொருள்களில் பல, யாரோ ஒருவர் விற்க மனமில்லாமல் பக்கத்தில் வைத்திருப்பவை. கேட்காமல் எடுத்தால் துரு மட்டும் கிடைக்கும். கேட்டால் குதிரைகளின் பெயரும் கிடைக்கும்.

ஊர் திரும்பியதும் இரண்டு படங்களை அச்சிட்டு அவருக்கு அனுப்பினேன். ஒன்று பம்ப், மற்றது அந்தப் பெயர்ப்பலகைகள். சில வாரங்களில் பதில் வந்தது. பம்புப் படத்தைப் பேரனுக்குக் கொடுத்துவிட்டாராம். பலகைப் படத்தைத் தனக்கென்று வைத்துக்கொண்டாராம். படத்தில் சுண்ணக்கட்டி எழுத்து தெளியாத ஒரு பலகை இருந்தது. அந்தக் குதிரையின் பெயரைக் கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தார்: பிரின்ஸ்.