அழித்துப் பதிந்த நாடா

ஒரு கெசட் நாடாவைப் பற்றி எழுத வேண்டும் என்று பல வருடங்களாக நினைத்துக் கொண்டிருந்தேன். எழுதினால் நான் சொன்ன ஒரு பொய்யையும் சேர்த்து எழுத வேண்டி வரும் என்பதால் தள்ளிப்போட்டு வந்தேன். சென்ற மாதம் ஒரு பெண்பிள்ளை கேட்ட கேள்விக்குப் பிறகு தள்ளிப்போட முடியவில்லை.

எங்கள் வீடு திம்புள்ளயில். வாப்பாவுக்குத் தலவாக்கலை பஸாரில் சில்லறைக் கடை. அதன் முன்மூலையை எனக்கு ஒதுக்கித் தந்தார். 1988இல் அங்கே ஒரு ரெக்கோர்டிங் பார் போட்டேன். வருபவர்கள் துண்டுக் கடதாசியில் பாட்டுகளை எழுதித் தருவார்கள். இளையராஜா, நாகூர் ஹனிபா, சிங்கள பைலா எல்லாம் ஒரே மேசையில் நடக்கும்.

அந்தத் தொழிலை அறியாத இளையவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். கெசட்டின் முதுகில் சின்னதாக இரண்டு பிளாஸ்டிக் நாக்குகள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறொன்றைப் பதிய முடியாது. பதிந்துதான் ஆக வேண்டுமென்றால் அந்த ஓட்டையில் செலோடேப் ஒட்ட வேண்டும். உடைக்காத நாடா யாருக்கும் திறந்து கிடக்கும் வீடு மாதிரி.

1993 மாசி மாதம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். காமன் கூத்துக்குத் தப்படிப்பவர். பெரட்டுக்குத் தப்படித்து ஆட்களைக் கூப்பிட்ட காலத்தையும் கண்டவர். அவருடைய தம்பி குடும்பம், 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் எழுபதுகளில் இந்தியாவுக்குப் போய்க் கோத்தகிரியில் குடியிருந்தது. தலைமன்னார்க் கப்பலும் 1984இல் நின்றுவிட்டது.

"நம்ம தப்புச் சத்தத்த அவன் கேட்டு எத்தன வருசமாச்சு. ஒரு நாடாவுல புடிச்சுக் குடுங்க சின்ன மொதலாளி. போற ஆளு கெடைச்சா அனுப்பிருவேன்" என்றார்.

டூ-இன்-வன்னைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் போனேன். தேயிலைக்கு நல்ல பருவம். காய்ந்த குளிர்காற்று வீசிக்கொண்டிருந்தது. வைக்கோல் கொளுத்தித் தப்பைச் சூடு காட்டினார். ஒரு பக்கத்தின் தொடக்கத்தில் தம்பிக்குக் கதைத்தார். யார் யார் மௌத்தானார்கள், எந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆனது என்றெல்லாம். மறுபக்கத்தின் தொடக்கத்தில், தம்பி போன பின் இறந்த தாய்க்காக ஒப்பாரி சொன்னார். மிச்சமெல்லாம் தப்பு. அறுபது நிமிட நாடா நிறைந்தது. போகும் ஆள் கிடைக்கும்வரை கடையிலேயே இருக்கட்டும் என்றார். நான் அதன் நாக்கை உடைக்கவில்லை.

1994 ஒக்டோபரில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த சிங்கள நண்பர் ஒரு பெட்டி கெசட்டுகளைக் கொண்டுவந்தார். அவருடைய அண்ணன் இத்தாலியில், மிலானில் ஒரு வீட்டில் துப்புரவு வேலை செய்தவர். வீட்டுக்காரர் கழித்துவிட்ட கெசட்டுகளை ஊருக்கு அனுப்பியிருந்தார். "எல்லாவற்றையும் அழித்துவிட்டுச் சிங்களப் பாட்டு அடித்துத் தாருங்கள்" என்றார் நண்பர். அழிக்கும் முன் எதையும் ஒருமுறை போட்டுப் பார்ப்பது என் பழக்கம். ஒன்றை இரவு வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

போட்டதும் ஒரு பெண்ணின் குரல் அரபியில் வந்தது. இசை இல்லை, வெறும் பேச்சு. அடுப்படியில் இருந்த உம்மா சட்டென்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஓதுறாங்க போல. சத்தத்தக் கொஞ்சம் கூட்டுங்க மகன்" என்றார். கூட்டினேன். கொஞ்ச நேரத்தில் கிட்டாரும் ட்ரம்ஸும் ஒன்றாக வந்து விழுந்தன. அதன் மேலே ஓர் ஆண்குரல் ஏறியது. "யா அல்லாஹ், இது என்ன ஷைத்தான்ட சத்தம்!" என்று உம்மா வாசலுக்கே போய்விட்டார்.

எனக்கு எழும்ப முடியவில்லை. அந்தத் தாளம் நான் அறிந்த எந்த எண்ணிக்கையிலும் நிற்கவில்லை. ஒரு கால் சற்றுக் கட்டையானவன் ஓடுகிற மாதிரி நொண்டி நொண்டி முன்னே பாய்ந்தது. பாடியவர் பாடுகிறாரா, கத்துகிறாரா, அழுகிறாரா என்று பிரித்தறிய இயலவில்லை. காலையில் நாடாவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு பிரதி எடுத்தே ஆக வேண்டும். புது நாடா கைவசம் இல்லை. கடைப்பையில் கைவிட்டேன். நாக்கு உடைக்காத நாடா ஒன்று வந்தது.

அது எது என்று எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று இத்தனை வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். மேலே பென்சிலால் 'கோத்தகிரி' என்று எழுதியிருந்ததை வாசித்துவிட்டுத்தான் டெக்கில் போட்டேன். பெரியவர் பக்கத்தில்தானே இருக்கிறார், மறுபடி ஒருநாள் பதிந்துகொள்ளலாம் என்று நினைத்தேன்.

சவூதியில் சாரதியாக இருந்து வந்த மாமா ஒருவரிடம் அந்த அரபிப் பேச்சைப் போட்டுக் காட்டினேன். "ஓதல் இல்ல மகன். தான் விரும்பின ஒருத்தர்ட்ட ஆயுதத்த வெச்சிட்டு வா, சமாதானமா வாழுவோம் எண்டு சொல்லுது" என்றார். தேர்தல் மேடைகளில் சமாதானம் என்ற சொல் நிறையக் கேட்ட வருடம் அது. அரபியை ஓதுவதற்குரிய மொழியாக மட்டுமே அறிந்திருந்த எனக்கு, ஒரு பெண் அதிலே கெஞ்சுவதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

கெசட் உறையிலிருந்து பெயரை எழுதி வைத்திருந்தேன். மற்ற விபரங்களை இணையம் வந்த பிறகே அறிந்தேன். குழுவின் பெயர் அரேயா. 1973இல் மிலானில் கிரம்ப்ஸ் என்ற சிறு நிறுவனம் வெளியிட்ட அவர்களது முதல் இசைத்தட்டு அது. ரொக், ஜாஸ், பால்கன் நாட்டார் இசை, இலத்திரனியல் ஓசைகள் எல்லாவற்றையும் கலந்தவர்கள். நான் கேட்ட முதற்பாட்டின் தலைப்பு மூன்று மாதங்களின் பெயர்; கடைசி மாதத்தோடு 'கறுப்பு' என்ற சொல்லும் சேர்ந்திருக்கிறது. 1970இல் ஜோர்தானில் பலஸ்தீனப் போராளிகள் மீது நடந்த தாக்குதலைக் கறுப்பு செப்டெம்பர் என்று சொல்வது அரசியல் படித்தவர்களுக்குத் தெரியும்.

பாடியவர் தெமெத்ரியோ ஸ்த்ராத்தோஸ். பிறப்பால் கிரேக்கர், பிறந்தது 1945இல் எகிப்தின் அலெக்சாந்திரியாவில். அங்கிருந்து சைப்பிரசுக்கும் 1962இல் மிலானுக்கும் பெயர்ந்தவர். தன் கைக்குழந்தை எழுப்பும் சத்தங்களைக் கவனித்து, சொற்களைக் கற்கக் கற்கக் குழந்தை எத்தனையோ ஓசைகளை இழந்துவிடுகிறது என்று கண்டார். இழந்தவற்றைத் தன் தொண்டையில் தேடத் தொடங்கினார். ஒரே நேரத்தில் இரண்டு சுருதிகளை எழுப்பப் பழகினார். பதுவா நகரின் ஆய்வாளர்கள் அவர் குரலை அளந்து பார்த்தார்கள். அப்படிப்பட்டவரை இரத்த நோய் பிடித்தது. சிகிச்சைக்குப் பணம் திரட்ட 1979 ஜூன் 14இல் மிலானில் ஒரு பெரிய இசை நிகழ்ச்சி ஏற்பாடாகியிருந்தது. அதற்கு முதல் நாள் அவர் நியூயோர்க்கில் காலமானார். வயது 34. நிகழ்ச்சி அஞ்சலிக் கூட்டமாக நடந்தது. பல்லாயிரம் பேர் வந்தார்கள்.

அந்த ஒரு கெசட்டின் வழியே வேறு பலரையும் கண்டடைந்தேன். ஜெனோவாவின் பிக்கியோ தால் பொட்ஸோ. பெரிய கம்பனிகள் ஒதுக்கிய குழுக்கள் 1978இல் லண்டனில் கூடியபோது இத்தாலியிலிருந்து போன ஸ்டோர்மி சிக்ஸ். எங்கள் பக்கத்துத் தபேலாவைத் த்ரிலோக் குர்த்துவின் கையால் சேர்த்துக்கொண்ட அக்துவாலா. எழுபதுகளின் தொடக்கத்தில் விநோத மின்னோசைகளோடு வந்து, 1992இல் பக்தாத் மேடையில் அரபியிலும் பாடிய ஃப்ராங்கோ பத்தியாத்தோ. இவற்றில் பல, தம் நாட்டிலேயே சிலருக்கு மட்டும் தெரிந்தவை. ஆனாலும் யாரோ நாக்கை உடைத்து வைத்திருக்கிறார்கள். தலவாக்கலையில் இருந்துகொண்டு நான் கேட்க முடிகிறது.

முதல் இசைத்தட்டின் தலைப்பு ஜேர்மன் மொழியில் இருந்தது. 'உழைப்பு விடுதலை தரும்' என்று பொருள். அவுஷ்விட்ஸ் வதைமுகாமின் வாசலில் நாஸிகள் எழுதி வைத்த வாசகம். அந்தப் பொய்யைக் குத்திக்காட்டவே அதைத் தலைப்பாக்கினார்கள். வாசித்த அன்று எனக்கு அந்தப் பெரியவரின் ஞாபகம் வந்தது. தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள். 1948இல் பிரஜாவுரிமை பறிபோனது. அண்ணன் இங்கே, தம்பி அங்கே. தப்பின் நொண்டித் தாளமும் ஞாபகம் வந்தது. இத்தாலிக்காரர்களைக் கேட்டுக் காது பழகிய பின்தான், லயத்தில் நான் பதிந்தது எத்தனை சிக்கலான தாளம் என்று விளங்கியது. சின்ன வயதிலிருந்து அதை வெறும் இரைச்சல் என்றே எண்ணி வளர்ந்தவன் நான்.

பெரியவர் 1994 டிசம்பரில் வந்தார். இந்தியாவுக்குப் போகும் ஆள் கிடைத்துவிட்டது என்றார். நான், "மெஷினில சிக்கி அறுந்து போச்சு ஐயா" என்றேன். அவர் கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "சரி, கெடக்கட்டும் சின்ன மொதலாளி. மாசிக்கு மறுபடி அடிச்சாப் போச்சு" என்றார். மாசி வருமுன் அவர் இறந்துபோனார். தம்பியும் அடுத்த சில வருடங்களில் காலமானதாகக் கேள்விப்பட்டேன்.

இத்தாலிய இசை பக்கத்துக்குப் பதினெட்டு நிமிடம்தான். நாடாவோ பக்கத்துக்கு முப்பது நிமிடம். ஆகவே பாட்டு முடிந்ததும் ஒரு 'டக்' சத்தம் கேட்கும். பிறகு தப்பு தொடரும். அது எனக்குத் தெரியும். பாட்டு முடிவதற்கு முன்பே எழும்பிப் போய் நிறுத்திவிடுவேன். ஏறக்குறைய முப்பது வருடம் அப்படித்தான் கேட்டேன்.

கடையை மகன் எடுத்த பின், பழைய நாடாக்களைக் கணினியில் ஏற்றத் தொடங்கினேன். அப்போதுதான் நிறுத்தாமல் ஓட விட்டேன். இரு பக்கத்திலும் சேர்த்து இருபத்து நான்கு நிமிடம் தப்பு மிஞ்சியிருக்கிறது. காற்றுச் சத்தம், ஒரு குழந்தையின் இருமல், கடைசியில் பெரியவரின் குரல்: "போதுமா, சின்ன மொதலாளி?" தம்பிக்குப் பேசியது எல்லாம் போய், என்னிடம் கேட்ட அந்த ஒரு கேள்வி மட்டும் எஞ்சியிருக்கிறது.

அவருடைய பேத்தி கொழும்பில் வேலை செய்கிறாள். தேடிப் பிடித்து அந்த ஒலிப்பதிவை அனுப்பினேன். கோத்தகிரியிலுள்ள உறவினர்களுக்கும் அவளே அனுப்பியிருக்கிறாள். மறுநாள் அழைப்பு எடுத்தாள். அழுதிருந்தது குரலில் தெரிந்தது. நன்றி சொல்லிவிட்டுக் கேட்டாள்: "தாத்தா பேசியும் பதிஞ்சதா அப்பா சொல்வாரு அங்கிள். ஆரம்பம் எங்க?"

நாடா பழசு என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. எழுதி அனுப்புகிறேன் மகள் என்றேன். இதுதான் அது. இந்த இதழ் வந்ததும் முதற்பிரதி அவளுக்குப் போகும்.